பக்கத்து நாட்டுக்கு விமான டிக்கெட் எடுப்பது எப்படி: மன்னார்குடி டிக்கெட் கடையிலிருந்து

போன மாசியில் வடுவூரிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு அத்தை வழிச் சொந்தம் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் திருச்சி மேல் ஒரு விரலும் யாழ்ப்பாணம் மேல் ஒரு விரலும் வைத்துக்கொண்டு, "ஏம்மா, மெட்ராஸைவிட இது கிட்டதானே இருக்கு? இத்தனை வருஷமா ஏன் நேர் பிளேன் விடல?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். ஆகாய வழியில் திருச்சியிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணம் இருநூறை ஒட்டித்தான் வரும். ஆனால் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் வந்தது 2025 மார்ச் கடைசியில்.

அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாக மன்னார்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கூத்தாநல்லூர், நீடாமங்கலம், திருமக்கோட்டை, பட்டுக்கோட்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து வருகிற சபராளிகளுக்கும் (வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்), மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகிற அம்மாக்களுக்கும் போட்டிருக்கிறேன். நேர் விமானம் இருக்குமா, கட்டணம் எவ்வளவு என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டால் டிக்கெட் எடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஒப்பந்தம் என்றால் என்ன

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் தண்ணீர் இருப்பது வேறு, நம் வாய்க்காலுக்கு எத்தனை கனஅடி என்பது வேறு இல்லையா? வானமும் அப்படித்தான். அவரவர் தலைக்கு மேலுள்ள வானம் அவரவர் நாட்டுக்குச் சொந்தம் என்று 1944-இல் சிகாகோவில் கூடிய நாடுகள் எழுதி வைத்தன. அதனால் இன்னொரு நாட்டு விமானம் இங்கே வந்து ஆள் ஏற்ற வேண்டுமானால் இரண்டு நாடும் உட்கார்ந்து பேச வேண்டும். யார் பறக்கலாம், எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை இருக்கை. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரியேதான். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் டிக்கெட் விலைக்குக்கூட இரண்டு அரசும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 1953-இல் விமானத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் போனது 1994-இல். தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுக்குப் பறக்க வழி பிறந்ததோ 2004-இல்தான். அதுவும் ஐந்து வருடம் உள்நாட்டில் ஓட்டியிருக்க வேண்டும், இருபது விமானம் கையில் இருக்க வேண்டும். ஐந்து வருட நிபந்தனையை 2016-இல் எடுத்தார்கள்.

நான் கடையில் உட்கார்ந்த புதிதில் சிங்கப்பூர் என்றால் பெரும்பாலும் ராத்திரி பஸ்ஸில் சென்னை, அங்கிருந்து விமானம். இல்லாவிட்டால் திருச்சியிலிருந்து கொழும்பு போய் மாறுவது. டிக்கெட் என்பது பின்பக்கம் சிவப்பு மை பூசிய தாள் அடுக்கு. ஒரு எழுத்து பிசகினாலும் முழுத் தாளும் வீண், புதிதாக எழுத வேண்டும். விரல் நுனியில் அந்தச் சிவப்பு ஒட்டிக்கொண்டு சாப்பிடும்போதுகூடப் போகாது. 2008 ஜூன் முதல் தேதியோடு உலகம் முழுக்கத் தாள் டிக்கெட் நின்றது.

அந்த வருடமே டெல்டாவுக்கு இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. அதற்கு விதை 2003-இல் போட்டது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது ஆசியான் என்ற கூட்டமைப்பிலுள்ள தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு இந்தியா ஒரு சலுகை அறிவித்தது. பெருநகரங்களுக்கு அளவோடு வரலாம். பதினெட்டு சுற்றுலா ஊர்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகலாம். அந்தப் பதினெட்டில் தமிழ்நாட்டில் இருந்த ஒரே ஊர் திருச்சிராப்பள்ளி. கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏசியா 2008 டிசம்பர் முதல் தேதி இந்தியாவுக்கு முதல்முறையாகப் பறந்தபோது இறங்கிய இடம் டெல்லியும் இல்லை, மும்பையும் இல்லை, நம் திருச்சி. அதற்கு முன்பே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005-இல் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்ததும் போட்டி வந்தது, கட்டணம் இறங்கியது. அதுவரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தவர்கள் வருடா வருடம் பொங்கலுக்கு வர ஆரம்பித்தார்கள். எங்கள் கடைப் பேரேட்டைப் புரட்டினாலே இது தெரியும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் பக்கத்து வீடுகள். 1972-இல் கூட்டு நிறுவனம் பிரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் என்று இரண்டானபின் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த வழி கிட்டத்தட்ட அந்த இருவர் கையில்தான் இருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணத்துக்கு அப்படி ஒரு கட்டணம். கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் இருக்கும் எங்கள் சித்தி சிங்கப்பூரிலுள்ள மகனைப் பார்க்க எப்போதும் ஜொகூர் வழியாகப் பஸ்ஸில்தான் போவார். 2008 பிப்ரவரியில் மலிவு விமானங்களுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டார்கள். அதன்பின்தான் சித்தி முதல்முறையாக அங்கே விமானத்தில் போனார்.

நீங்கள் போகும் வழி எந்த வகை

டிக்கெட் தேடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் போகும் வழி திறந்த வழியா, அளவு வைத்த வழியா?

இலங்கை திறந்த வழி. 2016 டிசம்பரில் பஹாமாஸ் தீவில் நடந்த பேச்சுவார்த்தையில் இந்தியாவும் இலங்கையும் திறந்த வான் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சென்னை உட்பட ஆறு பெருநகரங்களுக்கும் எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம். சிங்கப்பூர், மலேசியா விஷயத்தில் திருச்சி திறந்தது, சென்னை அளவு வைத்தது. மதுரை அந்தப் பதினெட்டில் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இதற்காக வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வளைகுடா வேறு கதை. துபாய்க்கு ஒவ்வொரு பக்கமும் வாரத்துக்கு 65,000-க்குக் கொஞ்சம் மேல் இருக்கை என்று அளவு. 2014-இல் உயர்த்தியது அது. அமீரக நிறுவனங்கள் இறங்கலாம் என்று அனுமதித்த ஊர்களில் திருச்சி இல்லை. அதனால்தான் திருச்சியிலிருந்து துபாய்க்கு நம் நாட்டு விமானம் மட்டும் நேராகப் போகிறது. நம் நிறுவனங்கள் இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம். ஊர்ப் பட்டியல் கட்டுப்படுத்துவது வெளிநாட்டு நிறுவனத்தைத்தான். "எமிரேட்ஸ் ஏன்க்கா திருச்சிக்கு வரல?" என்று கேட்கும் தம்பிகளுக்கெல்லாம் இதுதான் விடை.

இதை வைத்து என்ன செய்வது? அளவு வைத்த வழியில் சீசன் வந்தால் கூடுதல் விமானம் விட இடமில்லை. இருக்கிற இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள், விலை ஏறும். ரம்ஜானுக்கோ பள்ளி விடுமுறைக்கோ வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் தேதி முடிவானதும் டிக்கெட்டைப் போட்டுவிட வேண்டும். திறந்த வழியில் அவ்வளவு பதற்றம் வேண்டாம். கூட்டம் தெரிந்தால் யாராவது ஒரு நிறுவனம் கூடுதல் விமானம் விடக்கூடும், சலுகையும் போடக்கூடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருகிற விமானம் நிரம்பி வழியும். அதே விமானம் திரும்பிப் போகும்போது காலி இருக்கையோடு போகும். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து அப்படியே தலைகீழ். மகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்குத் தேதி கையில் இருக்கிறது. தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு கிளம்பினால், பொங்கல் முடிந்து கிளம்புகிறவர்கள் கொடுப்பதில் பெரிய பங்கு மிச்சமாவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கும் இதே கணக்கு.

கொழும்பு வழி, கோலாலம்பூர் வழி: ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா

ஒப்பந்த மொழியில் விமான உரிமைகளுக்கு எண் உண்டு. தன் நாட்டிலிருந்து உங்கள் நாட்டுக்கு ஆள் கொண்டுவருவது மூன்றாவது, உங்கள் நாட்டிலிருந்து தன் நாட்டுக்குக் கொண்டுபோவது நான்காவது. இந்த இரண்டையும் ஒட்டவைத்து உங்களைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்கு அனுப்புவதை ஆறாவது உரிமை என்பார்கள். திருச்சியில் ஸ்ரீலங்கன் விமானத்தில் ஏறுகிற எல்லாரும் கொழும்பைப் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். பக்கத்து நாட்டோடு வானம் திறந்ததில் டெல்டாவுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன். சென்னைக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போவதற்குப் பதில் ஒரு மணி நேரத்தில் கொழும்பு போய் அங்கே மாறிக்கொள்ளலாம்.

ஆனால் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். திருச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து துபாய் என்று ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் இருந்தால் லக்கேஜ் கடைசி ஊர் வரை போகும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நிறுவனத்தில் தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. இறங்கிய ஊரில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் போட வேண்டும். வெளியே வர அந்த நாட்டு அனுமதியும் வேண்டும்.

2012-இல் நான் செய்த தப்பை எழுதிவிடுகிறேன். நீடாமங்கலத்துப் பையன் ஒருவன் படிக்க ஆஸ்திரேலியா போனான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஒரு நிறுவனம், அங்கிருந்து பெர்த் இன்னொரு நிறுவனம். தனித்தனியாகப் போட்டதில் பதினோராயிரம் ரூபாய் குறைந்தது. அவன் அப்பா சந்தோஷப்பட்டார், எனக்கும் பெருமையாக இருந்தது. திருச்சி கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி, "மலேசிய விசா எங்கே?" அப்போது இந்தியர்களுக்கு மலேசியாவுக்கு முன்கூட்டி விசா வேண்டும். ஆஸ்திரேலிய விசா இருக்கிறது என்று அவன் காட்டியும் ஏற்றவில்லை. ஏற்ற முடியாது, விதி அப்படி. இரவு பன்னிரண்டு மணிக்கு அவன் அம்மா எனக்குப் போன் செய்து அழுதது இன்றைக்கும் காதில் இருக்கிறது. இரண்டு டிக்கெட்டும் போயிற்று. புது டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன். அன்றிலிருந்து, இரண்டு டிக்கெட்டாக எடுக்க யார் கேட்டாலும் இடையில் வரும் நாட்டின் நுழைவு விதியைப் பார்க்காமல் நான் பணம் வாங்குவதில்லை. நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். வயதானவர் தனியாகப் போகிறார் என்றால் இரண்டு டிக்கெட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது மலேசியா இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனாலும் போய்ச் சேர்வதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும், வருகை அட்டையும் வேண்டும். இலங்கை விதி அடிக்கடி மாறுகிறது. புறப்படும் வாரத்தில் அரசுத் தளத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போன கதையை நம்பாதீர்கள்.

லக்கேஜ் கணக்கு

போட்டி வந்தபின் டிக்கெட் விலை என்பதே உடைந்து துண்டு துண்டாகிவிட்டது. முன்பு ஒரு விலைக்குள் இருக்கை, சாப்பாடு, இருபது முப்பது கிலோ பெட்டி எல்லாம் அடக்கம். இப்போது மலிவு விமானத்தில் உங்கள் உடம்புக்கும் கையிலுள்ள ஏழோ பத்தோ கிலோ பைக்கும் மட்டும்தான் அந்த விலை. மற்றதெல்லாம் தனி.

எங்கள் கடை உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது. அரிசி மண்டியில் பழசாக வாங்கியது. போன ஆவணியில் பரவாக்கோட்டையிலிருந்து ஓர் அத்தை வந்தார். சிங்கப்பூரில் மகளுக்கு முதல் பிரசவம். பேரன் போனில் எடுத்த டிக்கெட், ரொம்ப மலிவு என்று காட்டினார். பெட்டி எங்கே என்றேன். ஆட்டோவிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியையும் ஒரு கட்டைப் பையையும் இறக்கினார்கள். தராசில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து இருபத்தெட்டு கிலோ. டிக்கெட்டில் லக்கேஜ் சுழியம்.

கடைத் தரையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பிரித்தோம். பிரசவ லேகியம் இரண்டு டப்பா, சுக்கு, மலைப்பூண்டு, வெங்காய வடகம், நல்லெண்ணெய் மூன்று லிட்டர், கும்பகோணத்தில் வாங்கிய வெண்கல உருளி ஒன்று. உருளி மட்டுமே நாலரை கிலோ. "அது இல்லாம லேகியம் கிண்ட முடியாதும்மா" என்றார் அத்தை. லேகியம்தான் ஏற்கெனவே கிண்டியாகிவிட்டதே என்று சொல்லி உருளியை எடுத்துவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தது. அதை நான் கையோடு எடுத்துவிட்டேன். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், அமீரகத்திலும் அப்படியே. போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. நம் அடுக்களையில் சாதாரணமாகக் கிடக்கிற சாமான்தான், அங்கே அதற்குச் சிறை வரை போகலாம். இந்த ஒரு வரியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இருபது கிலோ லக்கேஜை அங்கேயே ஆன்லைனில் சேர்த்தோம். விமான நிலையக் கவுண்டரில் போய்ச் சேர்த்திருந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும்.

ஆகவே விலையை ஒப்பிடும்போது டிக்கெட்டோடு டிக்கெட்டை ஒப்பிடாதீர்கள். புரிவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். மலிவு விமானம் 8,000 ரூபாய், இருபது கிலோவுக்கு 3,000, சாப்பாடு 400, இருக்கை 500; ஆக 11,900. முழுச் சேவை விமானம் எல்லாம் அடக்கமாக 12,500 என்றால் அறுநூறு ரூபாய்தான் வித்தியாசம். தேதி மாற்ற வேண்டி வந்தால் இரண்டாவதுதான் பெரும்பாலும் லாபம். பிரசவத்துக்குப் போகிறவர்கள் தேதி மாற்றாமல் திரும்பியதை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த மலிவு டிக்கெட்டும் வெறும் பையோடு ஒரு வாரம் போய் வருகிற இளவட்டங்களுக்குத்தான் உண்மையிலேயே மலிவு.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் எடுக்கிற இடத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. அங்கே என்ன போடுவது என்பதற்கு நிறுவனத்துக்கு ஒரு விதி. சிலர் அதே பெயரை மறுபடி போடச் சொல்வார்கள். ஊகித்துப் போடாமல் அவர்கள் பக்கத்தில் படித்துவிட்டுப் போடுங்கள்.

எந்த விமான நிலையம்

வானத்தைத் திறந்துவிட்டால் ஆட்கள் விமான நிலையத்தையும் தேர்ந்தெடுக்க ஆரம்பிப்பார்கள். அமெரிக்கா 1978-இல் உள்நாட்டு விமானக் கட்டுப்பாட்டை எடுத்தது. கனடாவோடு 1995-இல் திறந்த வான் ஒப்பந்தம் போட்டது. இருந்தும் கனடாக்காரர்கள் பலர் எல்லை தாண்டிக் காரோட்டிப் போய் பஃபலோ மாதிரி அமெரிக்க ஊர்களில் விமானம் ஏறுகிறார்கள். வரியும் கட்டணமும் அங்கே குறைவு. நாமும் சென்னையா, திருச்சியா, கொச்சியா என்று பார்க்கிறோம் இல்லையா, அதே கணக்குதான்.

சென்னை டிக்கெட் மூவாயிரம் குறைவு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். மன்னை எக்ஸ்பிரஸில் போனாலும் அங்கே ஒருநாள் தங்குதல், ஆட்டோ, சாப்பாடு, வழியனுப்ப வருகிற மூன்று பேர். திருச்சி என்றால் தஞ்சாவூர் வழியாக மூன்று மணி நேரத்துக்குள் வாசல். புது முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது, முன்பு இருந்த நெரிசல் இல்லை. ஆனால் ஓடுபாதை நீளம் போதாது, பெரிய விமானங்களுக்கு இன்னும் நீட்ட வேண்டும். அதைச் செய்யச் சொல்லி நம் மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டூரைத் திறந்தால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வாய்க்காலும் தூர்வாரியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணமே இதற்குச் சாட்சி. ஒப்பந்தம் 2016-இலேயே திறந்தது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ போர்க்காலம் முழுக்க ராணுவத்தின் பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்த இடம். 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள். அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் போனது. கொரோனா வந்து நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. இன்றைக்கும் அங்கே போவது சின்ன ஏ.டி.ஆர். விமானம். கைப்பை வைக்கும் தட்டு சிறியது. கெட்டியான டிராலிப் பெட்டி நுழையாது, துணிப்பையாகக் கொண்டுபோங்கள்.

கடல் வழியும் திறந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்திலுள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். வடுவூர்ப் பெரியவருக்குப் போகும்போது கப்பலும் திரும்பும்போது விமானமும் போட்டுக்கொடுத்தேன். தன் அப்பா தாண்டிய கடலைத் தானும் தாண்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கப்பல், விமானம் இரண்டின் அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பார்த்த பிறகு சொந்தக்காரர்களிடம் தேதி சொல்லுங்கள்.

டிக்கெட் எடுத்த பிறகு

போட்டியில் நிறுவனங்கள் விழுவதும் உண்டு. 2004-இல் சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறந்து வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கிய தனியார் நிறுவனம் ஜெட் ஏர்வேஸ். 2019 ஏப்ரலில் அது நின்றது. கிங்ஃபிஷர் 2012-இல், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். அதனால் ஏழெட்டு மாதம் முன்கூட்டி எடுப்பதென்றால் கிரெடிட் கார்டில் எடுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வாசலாவது இருக்கும். பணமாகக் கட்டினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

டிக்கெட்டில் உங்கள் சொந்தப் போன் எண்ணைப் போடச் சொல்லுங்கள். நேரம் மாறினால் அந்த எண்ணுக்குத்தான் செய்தி வரும். கடைக்காரர் எண் இருந்தால், அவர் தூங்கிவிட்டால் நீங்கள் விமானத்தை விட்டீர்கள். விமானத்தை அவர்களே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். "எங்கள் கணக்கிலேயே வரவு வைக்கிறோம், அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்துங்கள்" என்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். பணமே வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். என்னை மாதிரிக் கடையில் எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான்.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, வெளியே வருவதற்கு முன்பே பெட்டி வரும் இடத்திலுள்ள கவுண்டரில் புகார் படிவம் எழுதி அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ப் போன் செய்கிறேன் என்று வந்தவர்கள் பாடு கஷ்டம்தான். மான்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. அதன்படி சேதத்துக்கு ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்து இருபத்தொரு நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் போயிருக்க வேண்டும். அந்தத் தேதிகள் தாண்டினால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. படிவத்தின் நகலையும் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.